நல்லா எழுதத் தெரிஞ்ச சர்வீஸ் வக்கீல் எங்க போகலாம்: சொந்த ப்ராக்டிஸா, அரசு பேனலா, லா ஆபீசர் வேலையா?

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு கை கழுவிட்டு இருக்கறப்ப போன் வந்துச்சு. மூணு வருஷம் எங்க ஆபீஸ்ல ஜூனியரா இருந்துட்டு இப்ப ஒரு வருஷமா தனியா ஓடிட்டு இருக்கற பொண்ணு, ஊரு விழுப்புரம் பக்கம், குடும்பத்துலயே முதல் வக்கீல். "அக்கா, பேங்க் லா ஆபீசர் செலக்ட் ஆயிட்டேன், ஸ்கேல் ஒன், எந்த ஊர்ல போடுவாங்கன்னு தெரியல, இங்க ஒரு சீனியர் என் சேம்பருக்கு வா, சர்வீஸ் மேட்டர் ட்ராஃப்டிங் பூரா நீயே பாருன்னு கூப்பிடறாரு, இன்னொருத்தர் கவர்ன்மென்ட் பேனலுக்கு ட்ரை பண்ணுங்கறாரு, அம்மா பேங்க்குக்குத்தான் போகணும்ங்கறாங்க, நான் என்னக்கா பண்றது"ன்னு ஒரே மூச்சுல கேட்டா. போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது. மீதிய இங்க எழுதறேன், ஏன்னா ரெண்டு மூணு வருஷமா இதே கேள்விய நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, எல்லாருமே நல்லா எழுதறவங்க, அந்த எழுத்த எங்க கொண்டுபோய் வச்சா பொழப்பும் நடக்கும் மனசும் நிறையும்னு தெரியாம நிக்கறவங்க.

சர்வீஸ் லான்னா அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர் வழக்கு. நியமனம், சீனியாரிட்டி, ப்ரமோஷன், ட்ரான்ஸ்ஃபர், சஸ்பென்ஷன், சார்ஜ் மெமோ, பென்ஷன். கிரிமினல் பக்கம் மாதிரி சாட்சிய கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ற வேலை ஐகோர்ட்ல கிடையாது. ரிட், அதாவது அரசு ஆர்டர எதிர்த்து ஐகோர்ட்ல நேரா போடற மனு, போட்டா அஃபிடவிட், அதுக்கு எதிர்த்தரப்போட பதிலான கவுன்ட்டர், அதுக்கு நம்ம பதில், கூடவே ஆவணங்கள தொகுத்து வைக்கற டைப்டு செட், அவ்வளவுதான் கேஸ். லிஸ்ட்ல அத்தனை வழக்கு இருக்கும், நம்ம ஐட்டம் கூப்பிட்டா கிடைக்கறது சில நிமிஷம், அந்த சில நிமிஷத்துல ஜட்ஜ் கண்ணு எந்த பாராவுல போய் நிக்குதோ அதுதான் நம்ம வாதம். அதனாலதான் பேச்சுல கொஞ்சம் கூச்சப்படற, ஆனா பேனா புடிச்சா தெளிவா இருக்கற ஆளுங்க இந்தப் பக்கம் வந்து நல்லா வர்றாங்க.

நான் பாக்கற கணக்கு ஒண்ணுதான். நீ எழுதினது யார் கைக்குப் போகுது, எப்போ போகுது. ஆர்டர் போடறதுக்கு முன்னாடியா, போட்டு முடிச்ச அப்புறமா. சம்பளம், போஸ்டிங் எல்லாம் அதுக்கு அடுத்து பேசலாம்.

சொந்த ப்ராக்டிஸ்ல இருந்து ஆரம்பிக்கறேன், அதாவது ஊழியர் பக்கம் நிக்கறது. ஒரு ஹெட்மாஸ்டர், ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் பாக்கி, 17(பி) சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டு குறிப்பாணை, வந்துருச்சு. நம்ம ஸ்டேட் டிசிப்ளின் அண்ட் அப்பீல் ரூல்ஸ்ல 17(ஏ) சின்ன தண்டனைக்கு, 17(பி)ன்னா பெருசு, வேலையே போகலாம். ஸ்கூல் ரிப்பேர் பில்லுல கணக்கு சரியில்லன்னு மூணு குற்றச்சாட்டு. மனுஷன் பதறிப்போய் யாரையும் கேக்காம தானே விளக்கம் எழுதிக் குடுத்துட்டாரு. நாலு பக்கம், முத்து முத்தா கையெழுத்து. மூணே முக்கால் பக்கம் தன்னோட 31 வருஷ சர்வீஸப் பத்தி, பில்லப் பத்தி அஞ்சாறு வரி, கடைசில "அறியாமல் ஏதேனும் தவறு நடந்திருப்பின் பெருந்தன்மையுடன் மன்னித்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்". அது நம்ம ஊர்ல மனு முடிக்கற பழக்கம், மேலதிகாரிக்கு எழுதறப்ப கை தானா எழுதிரும். என்கொயரி ஆபீசர் ரிப்போர்ட்ல அந்த வரிய மட்டும் எடுத்துப்போட்டு, தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியுள்ளார், எனவே குற்றச்சாட்டு நிரூபணம்னு முடிச்சுட்டாரு. எங்ககிட்ட அவர் வந்தது தண்டனை ஆர்டர் கைக்கு வந்த அப்புறம். அந்த ஒத்த வரியத் தாண்டறதுக்கு அஃபிடவிட்ல ஒன்பது பாரா எழுத வேண்டியிருந்துச்சு.

ஏன் அவ்வளவுன்னா, ரிட்ல ஐகோர்ட் சாட்சியத்த திரும்ப எடை போடாது. பி.சி. சதுர்வேதி வழக்குல 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டது, கோர்ட் பாக்கறது முடிவுக்கு வந்த முறைய, முடிவ இல்ல. அப்போ உண்மை பதிவாக வேண்டிய இடம் விளக்கம்தான், என்கொயரிதான். வக்கீல் பேரே வராத, கையெழுத்தே போடாத அந்த விளக்கத்த எழுதிக் குடுக்கறதுதான் இந்தத் தொழில்ல ஆகப் பெரிய எழுத்து வேலைன்னு நான் நெனைக்கறேன். அது தமிழ்ல போகணும், அதே விஷயம் ஆறு மாசம் கழிச்சு ஐகோர்ட்டுக்கு இங்கிலீஷ்ல வரணும், ரெண்டுலயும் அர்த்தம் பிசகக்கூடாது. மெமோ தமிழ், சாட்சி வாக்குமூலம் தமிழ், ஐகோர்ட் மட்டும் இங்கிலீஷ். ரெண்டு மொழியிலயும் கை ஓடற ஆளுங்கள விரல் விட்டு எண்ணிரலாம், அந்தப் பொண்ணு அதுல ஒருத்தி.

அப்புறம் ரிட். நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்ல செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்னு ஒரு ப்ரேயர் புழக்கத்துல இருக்கு, ஆர்டர ரத்து பண்ணு, பண்ணிட்டு இன்னது செய்யச் சொல்லுன்னு ரெண்டையும் ஒண்ணா கேக்கறது. அந்த "இன்னது"ங்கறத சரியா எழுதலன்னா கேஸ ஜெயிச்சும் கைல ஒண்ணும் வராது, ஆர்டர் ரத்தாகும், டிபார்ட்மென்ட் அதே ஆர்டர திரும்பப் போடும். அதே மாதிரி காலதாமதம். ஹவுசிங் போர்டு இன்ஜினியர் பி.வி. மகாதேவன் வழக்குல 1990-ல நடந்த விஷயத்துக்கு 2000-ல சார்ஜ் மெமோ குடுத்தாங்க, சுப்ரீம் கோர்ட் 2005-ல அத ரத்து பண்ணிச்சு. எல்லா ஜூனியரும் இந்தத் தீர்ப்ப போடுவாங்க, ஆனா பதினாலாவது கிரவுண்டா, அதாவது மனுவோட பதினாலாவது காரணமா, போடுவாங்க. ரெண்டு தேதியையும் முதல் பாராவுலயே பக்கத்துல பக்கத்துல வச்சுட்டா படிக்கறவருக்கு வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். தினக்கூலி ஆளுங்க ரெகுலரைசேஷன் கேக்கற கேஸ்ல இன்னும் நுணுக்கம். 2006 உமாதேவி தீர்ப்புல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் போட்ட கோடு, முறை தவறின நியமனமா, சட்டவிரோத நியமனமாங்கறது, முதல்ல சொன்னதுன்னா பத்து வருஷம் வேலை பாத்தவங்களுக்கு ஒரு வாசல் உண்டு, ரெண்டாவதுன்னா இல்ல. 2024 டிசம்பர்ல ஜக்கோ வழக்குல, உமாதேவிய ஊழியர்களுக்கு எதிரா ஆயுதமா தூக்காதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன அப்புறம் அந்த வாசல் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கு. ஒரு ஸ்வீப்பரம்மா 17 வருஷமா கூட்டிட்டு இருந்தது எந்தப் பக்கம் விழும்ங்கறது, போஸ்ட் இருந்துச்சா, தகுதி இருந்துச்சா, யார் வேலைக்கு எடுத்தாங்கன்னு அஃபிடவிட்ல எப்படி அடுக்கறோம்ங்கறதுல இருக்கு.

மத்திய அரசு ஊழியர்னா, ஐசிஎஃப், ரயில்வே, போஸ்டல் மாதிரி, முதல்ல சிஏடி, அதாவது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், போகணும், மெட்ராஸ் பெஞ்ச் ஐகோர்ட் வளாகத்துலயே இருக்கு, ஃபீஸ் 50 ரூபாய், ஆனா லிமிடேஷன், அதாவது கேஸ் போடறதுக்கான காலக்கெடு, ஒரு வருஷம். ஏழு வருஷம் கழிச்சு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை மனு (ரெப்ரசன்டேஷன்) அனுப்பிட்டு அதுல இருந்து கணக்கு போடலாம்னு வர்றவங்களுக்கு, 2008-ல நம்ம ஊர்ல இருந்து போன சி. ஜேக்கப் வழக்க காட்டி, பழைய கேஸுக்கு அப்படி உயிர் வராதுன்னு புரிய வைக்கறதே ஒரு வேலை. சிஏடில தோத்தா 1997 சந்திரகுமார் தீர்ப்புக்கு அப்புறம் ஐகோர்ட்ல ரெண்டு ஜட்ஜ் உக்கார்ற டிவிஷன் பெஞ்சுக்கு வரலாம். தெக்கத்திக்காரங்களுக்கு 2004-ல இருந்து மதுரை பெஞ்ச் இருக்கு, சென்னை வாடகை குடுத்துட்டு கஷ்டப்படணும்னு இல்ல.

பணம்னு வந்தா உண்மைய சொல்லிடணும். சஸ்பென்ஷன்ல இருக்கறவர் பாதி சம்பளத்துல குடும்பம் ஓட்டறவர், உங்க ஃபீஸ நாலு தவணையா குடுப்பாரு, நாலாவது வராது. மே, ஜூன் ட்ரான்ஸ்ஃபர் சீசன்ல மூச்சு விட நேரம் இருக்காது, வேற மாசத்துல போனே அடிக்காது. தனியா நின்னு மாசம் இவ்வளவுன்னு தைரியமா சொல்ல எனக்கு ஏழாவது வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் தாங்கற அளவுக்கு வீடு இருக்கான்னு ஒவ்வொருத்தரும் தனக்குத்தானே கேட்டுக்கணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அடுத்தது அரசு பேனல், அதாவது அரசுக்காக கோர்ட்ல நிக்கற வக்கீல்கள் பட்டியல். ஸ்டேட்னா ஜிபி (கவர்ன்மென்ட் ப்ளீடர்) ஆபீஸ்ல கவர்ன்மென்ட் அட்வகேட்ல ஆரம்பிச்சு ஸ்பெஷல் கவர்ன்மென்ட் ப்ளீடர் வரைக்கும், சென்ட்ரல்னா ஸ்டாண்டிங் கவுன்சில், அப்புறம் வாரியம், கார்ப்பரேஷன், யுனிவர்சிட்டி இவங்க பேனல். நான் ரெண்டு வருஷம் ஒரு பேனல்ல இருந்தேன். மேடை பெருசு, ஒரே நாள்ல இருபது கேஸ்ல எழுந்து நிப்போம், கூச்சம் போயிரும். ஆனா எழுத்துக்கு? கேஸ் காலைல பத்தரைக்கு, செக்‌ஷன் சூப்பரின்டென்டென்ட் ராத்திரி பஸ்ல கிளம்பி வந்து வராண்டால நிப்பாரு, கக்கத்துல நாடா கட்டின ஃபைல், கண்ணு செவந்திருக்கும். பாராவாரி குறிப்புன்னு ஒண்ணு நீட்டுவாரு. பாரா 4: மனுதாரரின் கூற்று மறுக்கப்படுகிறது. பாரா 5: மறுக்கப்படுகிறது. பாரா 6: பதிவுகளைப் பொறுத்தது. இத வச்சுத்தான் கவுன்ட்டர். ஆர்டர் எப்பவோ போட்டாச்சு, ஆர்டர்ல இல்லாத காரணத்த கவுன்ட்டர்ல சேர்க்கவும் முடியாது, 1977-ல மொஹிந்தர் சிங் கில் வழக்குலயே அந்தக் கதவ அடைச்சுட்டாங்க. எவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சாலும் யாரோ போட்ட மோசமான ஆர்டருக்கு வெள்ளை அடிக்கற வேலையா அது மாறிடும் சில நாள்.

ஆனா ஒண்ணு, அந்த நாடாவ அவுத்தா நோட் ஃபைல் இருக்கும். யார் என்ன எழுதினாங்க, எந்த அதிகாரி கைவிடலாம்னு சொன்னாரு, எந்த டேபிள்ல அது தலைகீழாச்சு, எல்லாம் பச்சையா தெரியும். அரசு எப்படி முடிவெடுக்குதுன்னு ஊழியர் பக்கம் இருபது வருஷம் நின்னாலும் இவ்வளவு தெரியாது. இன்னொண்ணு, கேஸ் தோத்த அப்புறம் அப்பீல் போகலாமான்னு டிபார்ட்மென்ட் ஒப்பீனியன் கேக்கும். "இந்த வழக்கில் மேல்முறையீடு தேவையில்லை"ன்னு காரணத்தோட ரெண்டு பக்கம் எழுதி, அத அவங்க ஏத்துக்கிட்டா ஒரு பென்ஷன்தாரருக்கு இன்னும் நாலு வருஷ அலைச்சல் மிச்சம். அந்த மாதிரி நான் எழுதினது ரெண்டு வருஷத்துல பதினோரு ஒப்பீனியன், ஆறு ஏத்துக்கிட்டாங்க, அந்த ஆறும் எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

பேனல்ல சிக்கல் என்னன்னா உங்க கைல எதுவும் இல்ல. அரசு வக்கீல் நியமனம் வெளிப்படையா, தகுதி பாத்து நடக்கணும்னு 2016-ல பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனாலும் ஆட்சி மாறினா லிஸ்ட் மாறும்ங்கறது கோர்ட்ல டீ குடிக்கற எல்லாருக்கும் தெரியும். ஃபீஸ் பில் போட்டா எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கணும். நாலு வருஷ அனுபவத்துல இதையே முழுப் பொழப்பா நம்பிப் போகக்கூடாது, பத்தாவது வருஷத்துல, சொந்தமா கொஞ்சம் கட்சிக்காரங்க சேர்ந்த அப்புறம் போனா இதே பேனல் பெரிய பள்ளிக்கூடம்.

இப்போ லா ஆபீசர். அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. பேங்க் வேலைக்கு ஆள் எடுக்கற ஐபிபிஎஸ் பரீட்சை வழியா போற ஸ்கேல் ஒன், அதாவது ஆரம்ப நிலை ஆபீசர், அடிப்படை சம்பளமே 48,480-ல ஆரம்பிக்குது, மேல டிஏ மத்தது எல்லாம் சேரும், வயசு 30-க்குள்ள இருக்கணும், அதனால இந்த வாய்ப்பு திரும்பத் திரும்ப வராது. ஆனா சேர்ற அன்னிக்கு பார் கவுன்சில் ரூல் 49 வந்து நிக்கும், முழுநேர சம்பளத்துல இருக்கறவங்க வக்கீலா ப்ராக்டிஸ் பண்ண முடியாது, என்ரோல்மென்ட்ட சஸ்பெண்ட் பண்ணணும். பின்னால திரும்பி வரலாம்தான், ஆனா கட்சிக்காரங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. ஜட்ஜ் ஆகணும்னு மனசுல இருந்தா இன்னும் யோசிக்கணும், சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு மூணு வருஷ ப்ராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டது, இவளுக்கு அது முடிஞ்சிருச்சு, ஆனா டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு ஏழு வருஷம், பேங்க்ல டேபிள்ல உக்காந்த வருஷம் அந்தக் கணக்குல உதவாது.

இதுல நெறைய பேருக்குத் தெரியாத விஷயம், பேங்க் லா ஆபீசர் பாக்கறது சர்வீஸ் லா இல்ல. டைட்டில் பாக்கறது, அடமானப் பத்திரம், கடன் கட்டாதவங்க சொத்த எடுக்கறதுக்கான சர்ஃபேசி நோட்டீஸ், டெப்ட் ரெகவரி ட்ரிப்யூனல் கேஸுக்கு பேனல் வக்கீலுக்கு ஃபைல் அனுப்பறது. ஸ்டாஃப் மேல ஒழுங்கு நடவடிக்கை பெரும்பாலும் வேற செக்‌ஷன். ஊழியர் வழக்குதான் உயிர்னு சொல்ற ஒருத்தி அங்க போனா நல்ல சம்பளத்தோட வேற தொழிலுக்குப் போறா, அவ்வளவுதான்.

நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல், துறைமுகம் இந்த மாதிரி பெரிய பொதுத்துறை நிறுவனத்துல லா கேடர் கிடைச்சா கதை வேற. பல நிறுவனம் சட்ட மேற்படிப்பு நுழைவுத் தேர்வான க்ளாட் பிஜி மார்க்க வச்சு எடுக்குது. ஆயிரக்கணக்குல ஆளுங்க, யூனியன், காண்ட்ராக்ட் தொழிலாளி பிரச்சனை, இங்க லா டிபார்ட்மென்ட் டேபிளுக்கு சார்ஜ் ஷீட் போறதுக்கு முன்னாடியே வரும். அதாவது நீ எழுதறது ஆர்டருக்கு முன்னாடி போகுது. என்கொயரி ரிப்போர்ட் காப்பிய தண்டனைக்கு முன்னாடி ஊழியர்கிட்ட குடுக்கணும்னு 1993-ல கருணாகர் வழக்குல சொன்னாங்க, அத இன்னமும் மறந்துட்டு ஆர்டர் போடற இடம் இருக்கு. "காப்பி குடுத்து பதில் வாங்கின அப்புறம் ஃபைல் அனுப்பவும்"னு லா ஆபீசர் எழுதற ஒரு வரி, ஒரு தொழிலாளியோட அஞ்சு வருஷத்தையும் நிறுவனத்தோட அஞ்சு வருஷத்தையும் காப்பாத்தும். வெளிய யாருக்கும் தெரியாது, பேர் வராது. அதுல திருப்தி காணற மனசுன்னா நான் அந்த வேலைய ரொம்ப மதிப்பேன்.

தொழிலாளர் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கு. 2025 நவம்பர் 21-ல இருந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்துருச்சு, 1947 இண்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்ஸ் ஆக்ட்ட தலைகீழா ஒப்பிக்கற சீனியர்களும் இப்ப புதுசா படிச்சுட்டு இருக்காங்க. ஊழியர் பக்கமோ நிர்வாகப் பக்கமோ, இத இப்ப உக்காந்து ஊன்றிப் படிச்சு தமிழ்ல தெளிவா குறிப்பு எழுதத் தெரிஞ்ச இளைய வக்கீல தேடி யூனியன் ஆளுங்களே வருவாங்க.

மத்த வழிங்கள சுருக்கமா சொல்லிடறேன். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு ஆபீஸ்கள்ல ட்ராஃப்ட்டுக்கு இவ்வளவுன்னு மத்த வக்கீலுக்கு எழுதிக் குடுக்கறது: கைச்செலவுக்கு ஆகும், ஆனா கட்சிக்காரர் முகத்தையே பாக்காம எழுதற எழுத்து மூணு வருஷத்துல மரத்துப்போயிரும், நான் கண்ணால பாத்திருக்கேன். ஜட்ஜ்கிட்ட லா க்ளார்க்: படிப்பு முடிச்ச கையோட போனா ரொம்ப நல்லது, அந்தப் பக்கம் உக்காந்து படிச்சாதான் எந்த அஃபிடவிட் படிக்க முடியுது, எது முடியலன்னு தெரியும், நாலு வருஷம் கழிச்சு போக அவசியமில்ல.

அப்போ இவளுக்கு என்ன சொன்னேன்? வீட்ல கடன் கழுத்த நெரிக்குதுன்னா பேங்க்குக்கே போ, ஒரு நிமிஷம் கூட வருத்தப்படாத. அப்படி இல்ல, அப்பா விவசாயத்துல வீடு ஓடுது, தம்பியும் வேலைக்குப் போயிட்டான், அப்படின்னா சீனியர் சேம்பருக்குப் போ, ஆனா அவர் சொன்ன மாதிரி இல்ல. "ட்ராஃப்டிங் பூரா நீயே பாரு"ங்கறதுல எனக்கு பயம் இருக்கு, அதுக்கு அர்த்தம் நீ ரூம்ல உக்காந்து எழுது, நான் கோர்ட்ல பேசறேன்ங்கறது. நல்லா எழுதற பொண்ணுங்களுக்கு இது அடிக்கடி நடக்குது, பத்து வருஷம் கழிச்சும் ஒரு ஜட்ஜுக்கும் அவங்க முகம் தெரியாது. அதனால போறதுக்கு முன்னாடி நாலு விஷயம் வாயத் தொறந்து கேளுன்னு சொன்னேன், வக்காலத்துல என் பேர் இருக்கணும், கட்சிக்காரர் வர்றப்ப நான் கூட உக்காரணும், நான் எழுதின கேஸ்ல அட்மிஷன், அதாவது கேஸ கோர்ட் எடுத்துக்கறதுக்கான முதல் வாதம், நானே பேசணும், மாசம் ஒரு நிலையான தொகை. இதுல மூணாவதுக்கு அவர் தயங்கினா அங்க போக வேணாம், இப்ப ஓடற மாதிரியே தனியா ஓடு, பொதுத்துறை நோட்டிஃபிகேஷன் வந்தா எழுது, ரிசல்ட் வந்தா அப்ப மறுபடி பேசலாம்.

"அட்மிஷன் நானே பேசணும்னு எப்படிக்கா கேக்கறது, அவர் தப்பா எடுத்துக்க மாட்டாரா"ன்னா. நேர்ல கேக்க கூச்சமா இருந்தா லெட்டரா எழுதிக் குடு, அதுதான் உனக்கு வருமேன்னேன். புதன்கிழமை ராத்திரி வாட்ஸப்ல அனுப்பியிருந்தா, ஒரு பக்கம், நாலு பாரா. கடைசி பாராவுல "தவறாக ஏதேனும் கேட்டிருப்பின் மன்னிக்கவும்"னு இருந்துச்சு. அத மட்டும் அடிச்சுட்டு திருப்பி அனுப்பியிருக்கேன்.